சொகுசுக் கப்பலில் முதல் நாள்: குடும்பத்தோடு புதிதாக ஏறுகிறவர்களுக்கு

கப்பல் விளம்பரங்களில் முதல் நாள் வருவதே இல்லை. பால்கனியில் காபி, காலியான நீச்சல் குளம், காற்றில் பறக்கும் துப்பட்டா எல்லாம் இரண்டாம் நாளுக்குப் பிறகுதான். முதல் நாளன்று நாலாயிரம் பேர் ஒரே மதியத்தில் ஏறுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசிக்கிறது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் லிஃப்ட் வேண்டியிருக்கிறது, எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் அறையைப் பார்க்கத் துடிக்கிறார்கள். கப்பலில் இடம் போதாமல் இல்லை. ஆனால் கூட்டம் போகும் பக்கமே நாமும் போனால் அந்த நாள் முழுக்க வரிசையில்தான் கழியும். எந்த வேலைக்கு எந்த நேரம் தோது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிரமம் போய்விடும்.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் விமானத்தில் வந்து ஏறுகிற குடும்பங்கள், சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் என்று நம்மவர்கள் நிறையப் பேர் போகிற வழி இது. மலேசியாவின் பினாங்கு, போர்ட் கிள்ளான், தாய்லாந்தின் புக்கெட் என்று மூன்று முதல் ஐந்து இரவு வரை போய்த் திரும்பும் பயணங்கள். கப்பலின் அளவுக்கு ஓர் அடையாளம் வேண்டுமானால், 2019இல் கட்டி முடித்த ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் என்ற கப்பல் 347 மீட்டர் நீளம். அறைக்கு இரண்டு பேர் என்று கணக்குப் போட்டாலே 4,200 பேருக்கு மேல் பிடிக்கும். ஜென்டிங் ட்ரீம் என்ற இன்னொரு கப்பல் 335 மீட்டர். ஒரு முனையில் குழந்தையை விட்டுவிட்டு மறுமுனையில் செருப்பைத் தேடினால் கால் வலிக்கும்.

ஊரிலேயே முடிக்க வேண்டியவை

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காமல் விடுவது விசா. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விமானத்தில் சிங்கப்பூர் வருவது முதல் நுழைவு, கப்பலில் பினாங்கு போய்த் திரும்பி இறங்குவது இரண்டாவது நுழைவு. ஆகவே விசா பல முறை நுழையக்கூடியதாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் வரும் துறைமுகத்தில் இறங்கவே போவதில்லை என்றாலும், அந்த நாட்டு விசா விதியைப் பூர்த்தி செய்தவர்களைத்தான் கப்பலில் ஏற்றுவார்கள்.

சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில், வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது, பணம் கேட்கிற இணையதளம் அரசாங்கத்துடையது அல்ல. கப்பலிலிருந்து திரும்பி இறங்கும்போதும் இதே அட்டையை மறுபடி நிரப்ப வேண்டியிருக்கும். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் இதுபோன்ற மின் அட்டைகள் உண்டு. உங்கள் பயணத்துக்கு எவை தேவை என்று கப்பல் நிறுவனம் அனுப்பும் மின்னஞ்சலில் இருக்கும். அதை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள்.

பொதுவாக ஆறு மாதம் நிறையாத குழந்தையைக் கப்பலில் ஏற்றுவதில்லை. பயணம் முடிவதற்குள் 24ஆவது வாரத்தைத் தொட்டுவிடும் கர்ப்பிணிகளுக்கும் அனுமதி இல்லை. பேரப்பிள்ளைகளைத் தாத்தா பாட்டி மட்டும் அழைத்துப் போவதாக இருந்தால், பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் கையில் இருக்கட்டும்.

அடுத்தது இணையவழி செக்-இன். கப்பல் நிறுவனத்தின் செயலியை ஃபோனில் இறக்கி, ஒவ்வொருவருக்கும் பாஸ்போர்ட் விவரமும் புகைப்படமும் ஏற்றி, வரும் நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லோரும் பன்னிரண்டரை, ஒரு மணி என்று நடுவில் எடுக்கிறார்கள். அதுதான் இருப்பதிலேயே மோசமான நேரம். பிள்ளைகள் நீச்சல் குளத்துக்குக் குதிப்பவர்களாக இருந்தால் முதல் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலின் விளையாட்டு இடங்கள் முதல் நாள் மதியம்போல் காலியாக வேறு நாளில் கிடைக்காது. மூட்டு வலிக்கிற பெரியவர்கள் கூட வந்தால் இரண்டு மணியை ஒட்டிப் போங்கள். அதற்குள் அறை தயாராகியிருக்கும், நேரே போய்ப் படுத்துவிடலாம். எப்படியானாலும், கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே செக்-இன்னை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிறவருக்காகக் கப்பல் நிற்காது.

இன்னொன்று. சென்னையில் இரவு விமானம் ஏறி, காலையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, அன்றைக்கே கப்பல் ஏறுவது என்று சிலர் திட்டமிடுகிறார்கள். ஓர் இரவு அறை வாடகை மிச்சமாவது உண்மைதான். ஆனால் விமானம் நாலு மணி நேரம் தாமதமானால் மொத்தக் குடும்பத்தின் கப்பல் காசும் போயிற்று. முந்தின நாளே வந்து லிட்டில் இந்தியாவில் தங்குங்கள். மறந்துபோன பல்துலக்கி முதல் நீச்சல் உடை வரை அங்கே இருக்கிற முஸ்தபா என்ற பெரிய கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

கைப்பைதான் முக்கியம்

துறைமுக வாசலிலேயே பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். செயலியிலிருந்து அச்சிட்ட அடையாளச் சீட்டை ஒவ்வொரு பெட்டியிலும் கட்டியிருக்க வேண்டும்; சீட்டில் அறை எண் இருக்கும். அந்தப் பெட்டி உங்கள் அறை வாசலுக்கு வந்து சேர மாலை ஆகலாம், இரவு எட்டு மணிகூட ஆகலாம். பதறத் தேவையில்லை. ஆனால் அதுவரைக்கும் வேண்டியது அத்தனையும் தோளில் தொங்குகிற பையில் இருந்தாக வேண்டும்.

பாஸ்போர்ட், விசா அச்சுப்பிரதி, மருந்து மாத்திரை, சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின், கைக்குழந்தைக்கு டயப்பரும் பால்பவுடரும், ஃபோன் சார்ஜர், மாற்று உடை ஒன்று. கூடவே நீச்சல் உடை. இதைத்தான் பெரும்பாலோர் பெட்டிக்குள் வைத்துவிட்டு, காலியான குளத்தைப் பிள்ளைகள் ஏக்கத்தோடு பார்க்க வைக்கிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும். வெளியே சிங்கப்பூர் வெயில், உள்ளே ஏசி குளிர். பாஸ்போர்ட்டைத் தப்பித் தவறிப் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டால் கப்பலேறவே முடியாது.

கொண்டுவரக்கூடாதவை பட்டியல் நம் வீட்டுப் பழக்கத்தோடு நேராக மோதும். இஸ்திரிப் பெட்டி, மின்சார அடுப்பு, ரைஸ் குக்கர், கெட்டில், மெழுகுவத்தி, ஊதுபத்தி எதற்கும் அனுமதி இல்லை. சூடமும் விளக்குத் திரியும் கேட்கவே வேண்டாம். நடுக்கடலில் தீ என்பது கப்பல்காரர்கள் விளையாடாத விஷயம். பல பிளக் சொருகும் எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் சமைத்த சாப்பாட்டுக்கும் தடைதான். கடையில் வாங்கிய, உறை பிரிக்காத முறுக்கு, பிஸ்கட், குழந்தை உணவு பரவாயில்லை.

இப்படி ஏதாவது இருக்கிற பெட்டி அறைக்கு வராது. பாதுகாப்பு அறைக்கு வந்து திறந்து காட்டச் சொல்லித் தகவல் வரும். ஒரு தடவை அப்படியோர் அறையில் எனக்கு முன்னால் ஒரு மாமியாரும் மருமகளும் நின்றிருந்தார்கள். புடவை மடிப்புக்கு நடுவிலிருந்து துண்டில் சுற்றிய சின்ன ரைஸ் குக்கர் ஒன்றை அதிகாரி வெளியே எடுத்தார். “இதெல்லாம் எதுக்கு அத்தே?” என்றாள் மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு. “புள்ளைக்கு ரசஞ்சோறு யாரு ஆக்குவா, இவனா?” என்று அதிகாரியைப் பார்த்துக் கேட்டார் மாமியார். அவர் சிரித்துக்கொண்டே குக்கருக்கு ஒரு சீட்டைக் கட்டி, பாதிச் சீட்டைக் கிழித்து அந்த அம்மாவிடமே கொடுத்தார். கடைசி நாள் இறங்கும்போது திருப்பித் தருவார்கள். பொருள் தொலையாது, ஒரு மணி நேரம்தான் தொலையும்.

துறைமுகத்தில்

சிங்கப்பூரில் கப்பல் முனையம் இரண்டு. ஹார்பர்ஃபிரன்ட்டில், விவோசிட்டி கடைத்தொகுதிக்குப் பக்கத்தில் இருப்பது பழையது. செந்தோசா கேபிள் கார் மேலே போவதால் உயரமான கப்பல்கள் அங்கே வர முடியாது. பெரிய கப்பல்கள் நிற்பது 2012இல் திறந்த மரீனா பே குரூஸ் சென்டரில். டாக்சிக்காரரிடம் வெறுமனே “குரூஸ் சென்டர்” என்றால் எங்கே கொண்டுபோய் விடுவார் என்று சொல்ல முடியாது. முழுப் பெயரையும் சொல்லுங்கள். மரீனா சவுத் பியர் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தும் வரலாம். ஆனால் நாலு பெட்டி, ஒரு தள்ளுவண்டி, ஒரு பாட்டி என்றால் டாக்சிதான் சரி.

உள்ளே வரிசை இப்படிப் போகும்: பெட்டி ஒப்படைப்பு, செக்-இன் முகப்பு, கைப்பைச் சோதனை, குடிநுழைவு, பிறகு கப்பல். சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர்களுக்கு முன்கூட்டியே பதிவு செய்து, வாசலில் இருக்கிற ஊழியரிடமும் சொல்லுங்கள். தள்ளிக்கொண்டு போகும்போது கூட ஒருவர்தான் வரலாம் என்று சில நேரம் சொல்வார்கள். அதனால் யார் யாரோடு போவது என்று முன்னாலேயே பேசிக்கொள்வது நல்லது. சில பயணங்களில் பாஸ்போர்ட்டைக் கப்பல்காரர்களே வாங்கி வைத்துக்கொண்டு பிறகு தருவார்கள். பயப்பட வேண்டாம், வழியிலிருக்கும் நாடுகளின் குடிநுழைவு வேலைக்காகத்தான். ஒப்படைக்குமுன் முதல் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கொரு அட்டை கிடைக்கும், அல்லது அறை வாசலில் காத்திருக்கும். அறைச் சாவி, கடைக் கணக்கு, இறங்கி ஏற அடையாளம் மூன்றும் அதுதான். கழுத்தில் மாட்டும் நாடா ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுவந்தால், கப்பலில் விலை கொடுத்து வாங்க வேண்டாம்.

ஏறியவுடன் முதல் ஒரு மணி நேரம்

கப்பலுக்குள் கால் வைத்ததும் கூட்டம் முழுக்க மேல்தளத்து பஃபேக்குப் போகும். பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை அங்கே தட்டு கிடைக்கும், நாற்காலி கிடைக்காது. நீங்கள் அங்கே போகாதீர்கள். கடைவீதித் தளத்தில் இருக்கிற காபிக் கடைகளில் சாண்ட்விச், கேக் போன்றவை பல கப்பல்களில் இலவசமாகக் கிடைக்கும். பிரதான உணவுக்கூடத்தையும் சில கப்பல்களில் முதல் நாள் மதியம் திறந்து வைப்பார்கள். அங்கே மேசையில் உட்கார வைத்துப் பரிமாறுவார்கள். எதிரில் வரும் ஊழியரிடம் கேட்டால் சொல்லுவார். பஃபேக்கு இரண்டரை மணிக்குப் போங்கள், மேசை காலியாகியிருக்கும்.

மொத்தக் குடும்பமும் ஒன்றாக அலைவதுதான் முதல் நாளின் பெரிய வீண்வேலை. பிரிந்துகொள்ளுங்கள். பெரியவர்களை ஜன்னலோரம் ஒரு சோபாவில் உட்கார வையுங்கள். ஒருவர் பிள்ளைகளைக் குளத்துக்கு அழைத்துப் போகட்டும். மற்றவர் முன்பதிவு வேலையை முடிக்கட்டும்: கப்பல் வைஃபையில் செயலியைத் திறந்து (செயலிக்கு மட்டும் இணையக் கட்டணம் இல்லை) இரவு நிகழ்ச்சிகளுக்கு இடம் பிடிக்க வேண்டும். நிகழ்ச்சி இலவசம்தான், ஆனால் நல்ல நேரத்துக் காட்சிகள் முதல் மாலைக்குள் நிறைந்துவிடும். ஸ்பெக்ட்ரம் போன்ற கப்பலில் அலைச்சறுக்கு, ஆளைக் காற்றில் மிதக்க வைக்கும் குழாய் இவற்றுக்கெல்லாம், அடிபட்டால் கப்பல் நிறுவனம் பொறுப்பல்ல என்று ஒப்புக்கொள்ளும் படிவம் நிரப்ப வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அதையும் அப்போதே முடித்துவிடலாம்.

பிரிவதற்கு முன், தொலைந்தால் சந்திக்கும் இடம் ஒன்றைப் பேசி வையுங்கள். “லிஃப்ட் பக்கத்தில்” என்று சொல்லாதீர்கள். ஸ்பெக்ட்ரம் வகைக் கப்பலில் முன்பக்கம் ஒரு லிஃப்ட் தொகுதி, பின்பக்கம் ஒரு லிஃப்ட் தொகுதி, ஒவ்வொரு தளத்திலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். விருந்தினர் சேவை முகப்பு நல்ல இடம், எந்த ஊழியரைக் கேட்டாலும் வழி காட்டுவார். இரண்டு, மூன்று தளம்தான் என்றால் படியில் ஏறுங்கள். லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். ஸ்பெக்ட்ரத்தை நடத்தும் ராயல் கரீபியன் நிறுவனத்தின் கப்பல்களில் லிஃப்ட் தரைவிரிப்பில் அன்றைய கிழமையின் பெயர் எழுதியிருக்கும், தினமும் மாற்றுவார்கள். மூன்றாம் நாளில் அது ஏன் என்று புரியும்.

குளத்துக்குப் போகிறவர்களுக்கு: டயப்பர் கட்டிய குழந்தைகளைப் பெரும்பாலான கப்பல்களில் குளத்தில் இறக்க விடமாட்டார்கள், நீச்சல் டயப்பர் என்றாலும்கூட. அவர்களுக்குத் தனியாகத் தண்ணீர் தெளிக்கும் இடம் இருந்தால் அங்கே விடலாம். உயிர்காப்பாளர் எல்லாக் கப்பலிலும் கிடையாது. இருந்தாலும் உங்கள் பிள்ளைமேல் இருக்க வேண்டியது உங்கள் கண்.

பாதுகாப்புப் பயிற்சி

ஆபத்து வந்தால் எங்கே போய்க் கூட வேண்டும் என்று சொல்லித் தரும் இந்தப் பயிற்சியைத் தட்டிக்கழிக்க முடியாது. தட்டிக்கழிக்கவும் கூடாது. 2012 ஜனவரி 13ஆம் தேதி இத்தாலியின் ஜில்லியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்றைக்கு மாலைதான் கப்பலேறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு இன்னும் பயிற்சியே நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. அதன் பிறகுதான் சர்வதேச விதியை மாற்றினார்கள். கப்பல் கிளம்புவதற்கு முன்போ, கிளம்பிய உடனேயோ பயிற்சி முடிந்தாக வேண்டும் என்பது 2015 முதல் நடைமுறை.

இப்போது பல கப்பல்களில் இது எளிது. செயலியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ படத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் அட்டையில் போட்டிருக்கும் கூடுமிடத்துக்கு நேரில் போய், அங்கே நிற்கும் ஊழியரிடம் அட்டையைக் காட்டினால் பதிவு செய்துகொள்வார். மூன்றரை மணிக்கு மேல் அங்கே நீண்ட வரிசை நிற்கும், ஒலிபெருக்கியில் அறை எண்ணைச் சொல்லி அழைப்பார்கள். ஏறியதும், அறைக்குப் போவதற்கு முன்பே போய்விட்டால் ஐந்து நிமிட வேலை. சில கப்பல்களில் இன்னும் பழைய முறைப்படி எல்லோரையும் ஒரே நேரத்தில் கூட்டி நிறுத்துவார்கள். அப்படியென்றால் பெரியவர்களுக்கு நாற்காலி கேட்டு வாங்குங்கள்.

அபாயச் சங்கு ஏழு முறை சின்னதாக ஒலித்து, எட்டாவது முறை நீளமாக ஒலிக்கும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள், விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள். அறைக் கதவின் பின்னால் வழிப்படம் இருக்கும். அதை ஒரு தடவை கால்நடையாக நடந்து பாருங்கள், லிஃப்ட் இல்லாமல். அறையில் இருக்கும் உயிர்காப்பு அங்கி பெரியவர்களின் அளவில் இருந்தால், குழந்தை அளவு வேண்டும் என்று அறைப் பணியாளரிடம் கேளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கூடுமிட எண் அச்சிட்ட கைப்பட்டை தருவார்கள், கேட்டு வாங்கிக் கட்டிவிடுங்கள்.

பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டுப் போகும் குழந்தைகள் மன்றத்தில் பெயர் பதிவதும் முதல் நாள் மதியமே நடக்கும். பொதுவாக மூன்று வயது நிரம்பி, கழிவறைப் பழக்கம் வந்த பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. அதற்குக் கீழே என்றால் மணிக்கணக்கில் காசு. ஒவ்வாமை ஏதும் இருந்தால் எழுதுங்கள், யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்று பெயர் கொடுங்கள். சங்கு ஒலிக்கும்போது பிள்ளை மன்றத்தில் இருந்தால் அவனை எங்கே கொண்டுவருவீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்கிற பெற்றோர் குறைவு.

அறைக்குள்

அறை ஒரு மணியிலிருந்து இரண்டு மணிக்குள் திறக்கும். முதலில் பார்க்கிறவர்களுக்கு “இவ்வளவுதானா?” என்றுதான் தோன்றும். நாலு பேர் அறையில் இரண்டு படுக்கை கண்ணுக்கே தெரியாது. ஒன்று சோபாவுக்குள் இருக்கும், ஒன்று கூரையில் மடிந்திருக்கும். இரவு நீங்கள் சாப்பிடப் போயிருக்கும்போது பணியாளர் இறக்கி வைப்பார். காலிப் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போகும். சுவர்கள் இரும்பு என்பதால் காந்தக் கொக்கி ஒட்டும். நாலைந்து கொண்டுவந்தால் தொப்பி, பை, ஈரத் துண்டு எல்லாம் தரையை விட்டு மேலே ஏறும்.

மின் துளைகள் பெரும்பாலும் அமெரிக்க வகையும் ஐரோப்பிய வகையும். நம் ஊரின் மெல்லிய இரண்டு முள் சார்ஜர் ஐரோப்பியத் துளையில் நுழையும். மூன்று முள் பிளக்கும் சிங்கப்பூரின் சதுர முள் பிளக்கும் நுழையாது. அடாப்டர் ஒன்று போதும், கூடவே பல யூஎஸ்பி துளை உள்ள சார்ஜர் இருந்தால் சண்டை வராது. கதவருகில் அட்டை சொருகினால்தான் விளக்கெரியும் அறைகள் உண்டு. அதில் சொருக வேறு ஏதாவது பழைய அட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

கழிவறை காற்றால் இழுக்கும் வகை. மூடியை மூடிவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள், சத்தம் பெரிதாக இருக்கும், குழந்தைகள் மிரளும். காகிதத்தைத் தவிர வேறெதையும் போடாதீர்கள். ஒரு அறையில் அடைத்தால் பக்கத்து அறைகளுக்கும் நிற்கும். தண்ணீர் பீச்சும் குழாய் பெரும்பாலும் இருக்காது. சொல்லத் தயங்குகிற விஷயம், ஆனால் பெட்டியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மக் வைத்துக்கொண்டு வந்தவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்.

பால்கனி அறையென்றால் முதல் வேலை, நாற்காலியைக் கம்பியிலிருந்து தள்ளிப் போடுவது. பிள்ளை அதில் ஏறினால் கம்பி இடுப்புக்கும் கீழே வந்துவிடும். கதவின் மேல்தாழ் எங்கே என்று பார்த்து, எப்போதும் போட்டு வையுங்கள். துணியைக் கம்பியில் காயப்போடக் கூடாது. காற்று அள்ளிக்கொண்டு போய்விடும்.

சாப்பாடு: சைவக்காரர்கள் அன்றைக்கே பேச வேண்டும்

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பகுதி தேவையில்லை. சைவக்காரர்கள் முன்பதிவின்போதே இந்தியச் சைவம் என்றோ, வெங்காயம் பூண்டு இல்லாத ஜைன உணவு என்றோ குறித்திருந்தாலும், முதல் நாள் மதியம் பிரதான உணவுக்கூடத்தின் தலைமைப் பரிசாரகரை நேரில் பாருங்கள். கூட்டம் பஃபேயில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் அவர் ஓய்வாக இருப்பார். ராத்திரி ஏழு மணிக்கு அவரைப் பிடிக்கவே முடியாது.

‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அவர்கள் கணக்கில் முட்டை அதில் சேரும். இந்தப் பக்கத்துச் சமையலில் கீரை வதக்கலில்கூட சிப்பிச் சாறும் மீன் சாறும் விழும், சூப்பின் அடிப்படையே கோழிச் சாறாக இருக்கலாம். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: முட்டை வேண்டாம், மீன் சாறு வேண்டாம், கோழிச் சாறு வேண்டாம், பால் தயிர் பரவாயில்லை. பரிசாரகர்களில் இந்தியர்கள் இருப்பதும் உண்டு. ஒரு மாமா அவர்களில் ஒருவரிடம் வெகுநேரம் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தப் பையன், “சார், நான் நாகர்கோவில். பாட்டிக்குத் தயிர்சாதம்தானே, நாளைக்கு மத்தியானத்துல இருந்து வெச்சிடுறேன்” என்றான். பெரும்பாலும் மறுநாள் பட்டியலை முதல் நாள் இரவே காட்டி, உங்களுக்கு எது செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். முதல் இரவு மட்டும் சோறு, பருப்பு, காய்கறி என்று கிடைத்ததில் ஓட்ட வேண்டியிருக்கலாம்.

பஃபேக்குள் நுழையும்போது சோப்புப் போட்டுக் கைகழுவச் சொல்வார்கள். கப்பலில் வாந்திபேதிக் கிருமி ஒன்று பரவத் தொடங்கினால் நிற்காது, கைச்சுத்திகரிப்புத் திரவம் மட்டும் அதற்குப் போதாது. குழாய்த் தண்ணீர் குடிக்கக்கூடியது. காலி பாட்டிலைப் பஃபேயில் நிரப்பிக்கொள்ளலாம். அறையில் அழகாக வைத்திருக்கும் பாட்டிலைத் திறந்தால் கணக்கில் ஏறும். குழந்தைக்கு வெந்நீர் வேண்டுமானால் பிளாஸ்க்கில் பிடித்துக்கொள்ளுங்கள்.

பணமும் ஃபோனும்

கப்பலுக்குள் ரொக்கம் புழங்காது. எல்லாம் அட்டையில் ஏறி, கடைசியில் உங்கள் கடன் அட்டைக்குப் போகும். ராயல் கரீபியனில் கணக்கு அமெரிக்க டாலரில். கடன் அட்டை இல்லாதவர்கள் முதல் நாளே முகப்பில் ரொக்க முன்பணம் கட்டலாம். பிள்ளைகளின் அட்டையிலும் செலவு செய்ய முடியும் என்பதை மறக்காதீர்கள். வீடியோ விளையாட்டுக் கூடத்தில் தட்டித் தட்டி ஆடினால் அது விளையாட்டல்ல, பில். முகப்பிலேயே அந்த அட்டைகளின் செலவு வசதியை நிறுத்தச் சொல்லுங்கள். ஊழியர்களுக்கான அன்பளிப்பு, ஆளுக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று தானாகச் சேரும், பல கப்பல்களில் சின்னக் குழந்தைக்கும் சேர்த்துத்தான். கப்பல் செலவைக் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள்.

ஃபோனில் ஒன்றே ஒன்று. கரையை விட்டு விலகியதும் கப்பலின் சொந்தக் கைப்பேசி வலையமைப்பு உயிர்பெறும், ஃபோன் தானாக அதில் போய் ஒட்டிக்கொள்ளும். உங்கள் வழக்கமான ரோமிங் திட்டம் பெரும்பாலும் அதற்குச் செல்லாது. ஊரில் இருக்கும் அக்காவுக்கு இரண்டு படம் அனுப்பினால் வருகிற பில்லைப் பார்த்து அக்காவே அழுவார். கப்பல் கிளம்பும் சங்கு கேட்டதும் வீட்டில் எல்லோருடைய ஃபோனையும் விமானப் பயன்முறையில் போட்டு, வைஃபையை மட்டும் திறந்து வையுங்கள். தாத்தாவின் ஃபோனை நீங்களே வாங்கிச் செய்துவிடுங்கள்.

கிளம்பும் நேரம்

நாலு, ஐந்து மணி வாக்கில் கப்பல் நகரும். அதிர்வே இருக்காது, கட்டிடங்கள் விலகுவதைப் பார்த்துத்தான் தெரியும். மேல்தளத்தில் கரைப்பக்கக் கம்பியோரம் நிறைந்துவிடும். கப்பலின் பின்பக்கத் தளத்துக்குப் போங்கள், கரை விலகுவதை முழுதாகப் பார்க்கலாம், கூட்டமும் குறைவு. மரீனா பே சாண்ட்ஸின் மூன்று கோபுரங்கள், கார்டன்ஸ் பை தி பேயின் கண்ணாடிக் கூடங்கள் பின்னால் போகும். அதற்குப் பிறகு வருவதைத்தான் பலர் பார்க்காமல் உள்ளே போய்விடுகிறார்கள். சிங்கப்பூர் நீரிணையில் எண்ணெய்க் கப்பலும் சரக்குக் கப்பலுமாகக் கண்ணுக்கெட்டியவரை நங்கூரமிட்டு நிற்கும். இருட்ட இருட்ட ஒவ்வொன்றிலும் விளக்கேறும். பிள்ளைகளைவிடத் தாத்தாக்கள் ரசிக்கிற காட்சி இது.

அன்றைய இரவு

மலாக்கா நீரிணைப் பக்கம் போகும் பயணங்களில் அலை பெரும்பாலும் அமைதிதான். தென்சீனக் கடல் பக்கம், அதுவும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, ஆட்டம் தெரியும். தலைச்சுற்று வருகிறவர்கள் மாத்திரையைக் கப்பல் ஆடுவதற்கு முன்பே போட வேண்டும், வாந்தி வந்தபிறகு போட்டுப் பயன் குறைவு. குழந்தைகளுக்கும், ஏற்கெனவே மருந்து சாப்பிடும் பெரியவர்களுக்கும் எது ஒத்துக்கொள்ளும் என்று ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கப்பலில் மருத்துவர் உண்டு, கட்டணமும் உண்டு. பயணக் காப்பீடு எடுக்கும்போது கப்பல் பயணத்துக்குச் செல்லுமா என்று பாருங்கள்.

பெட்டி இன்னும் வரவில்லையென்றால் முதலில் லிஃப்ட் பக்கத்தில் போய்ப் பாருங்கள், சீட்டு அறுந்த பெட்டிகளை அங்கே வைத்திருப்பார்கள். அதிலும் இல்லையென்றால் பாதுகாப்பு அறைதான். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாட்டியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

படுக்குமுன் மறுநாள் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம், தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். புக்கெட் போகிற பயணமென்றால் கப்பல் தன் கடிகாரத்தை மாற்றுகிறதா, இல்லையா என்று அதில் எழுதியிருக்கும். ஃபோன் தானாக நேரத்தை மாற்றிக்கொண்டால் குழப்பம் வரும், அந்த வசதியை நிறுத்திவிடுங்கள். இறங்குகிற நாளில் ஏற வேண்டிய கடைசி நேரம் கப்பலின் கடிகாரப்படிதான். மறுநாள் முழுக்கக் கடலில் என்றால் எல்லோரும் ஒன்பது மணிக்குத்தான் எழுந்து பஃபேக்கு வருவார்கள். ஏழரைக்கே போய்விட்டால் ஜன்னலோர மேசை கிடைக்கும். இட்லி இருந்தால் அப்போது சூடாகவும் இருக்கும்.